பின்னணியில் ஒரு விரிசல்

சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது என்று வாரியத்தில் சொல்லக் கூடாது. ‘விரிசலெனக் கருதப்படும் கோடு’ என்றுதான் சொல்ல வேண்டும். இதை அவள் முதல் நாளே கற்றுக்கொண்டாள்.

“கோடு எவ்வளவு நீளம்மா?” என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர்.

“ஜன்னல் மூலைல ஆரம்பிச்சுத் தரை வரைக்கும் வருது சார்.”

“அகலம்?”

“என் சுண்டு விரல் உள்ள போகும்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “விரலை விட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்படியெல்லாம் செய்யக் கூடாதும்மா. மதிப்பீடு முடியற வரைக்கும் கோடு வாரியத்தோடது. சுவர்தான் உங்களோடது.”

வாரியத்தின் முழுப் பெயர் நிலத்தடிப் பணிச் சேத மதிப்பீட்டு வாரியம். ஊருக்கு அடியில் ரயில் விடுவதற்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டுகிற இயந்திரம் அடியில் வரும்போது மேலே வீடுகள் நடுங்கின. நடுங்கியதில் சேதம் உண்டா இல்லையா என்று சொல்வது வாரியத்தின் வேலை. பெரும்பாலும் இல்லை என்று சொல்லி அந்த வேலையை அது செவ்வனே செய்துவந்தது.

இயந்திரம் இன்னும் அவள் தெருவுக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும்போதே சுவர் பிளந்துவிட்டது என்றால் நேர் கீழே வரும்போது என்ன ஆகும் என்பதை அவள் தைத்துக்கொண்டே யோசிப்பாள். பள்ளிச் சீருடைகளின் ஓரம் பிரித்து நீளம் இறக்குவது அவள் தொழில். ஒரே அறை, ஒரு சமையலறை. ஜன்னலடியில் தையல் மிஷின். அதே சுவரை ஒட்டி மகளின் கட்டில். வேறு எங்கும் கட்டில் கொள்ளாது. வாரியம் அந்தக் கோட்டை விரிசல் என்று ஒப்புக்கொண்டால், சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுப்பார்கள். இயந்திரம் கடந்து போகிற வரை குடும்பத்தை வேறிடத்தில் தங்க வைப்பார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல் மாறுவது.

பஸ் ஓட்டுநரான அவள் கணவன் தன் போனில் விரிசலைப் படம் எடுத்துக் கொடுத்தனுப்பினான். கவுண்டர்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“போன் எதுக்கும்மா? பேசறதுக்கு. அதுல வர்ற படம் வாய்ப்பேச்சுக்குச் சமம். வாய்மொழிப் புகாரை நாங்க எடுக்கறதில்ல. வாரியத்தோட கேமரால, வாரியத்தோட ஆள் எடுக்கணும்.”

“எப்ப சார் வருவாங்க?”

“கேமரா வந்ததும் வருவாங்க. பழைய கேமராவை நிறுத்தி வெச்சிருக்கு. புதுசு வாங்க ஒரு குழு போட்டிருக்கோம்.” பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க பாதிக்கப்பட்டவங்கதானே?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு. குழுவுல பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி ஒருத்தர் இருக்கணும். போன பிரதிநிதி வீடு மாறிப் போயிட்டாரு.”

“எந்த வீட்டுக்கு?”

“அது தெரியல. இருந்த வீடு இல்லாமப் போனதால மாறினாரு.”

இப்படித்தான் அவள் கேமரா தேர்வுக் குழுவின் உறுப்பினரானாள்.

குழு கூடிய அறையில் நீளமான மேசை, சுவரில் திரை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவர் நடுவில் இருந்தார். அவருக்கு இடப்புறம் மதிப்பீட்டாளர். சேதமான வீடுகளுக்குப் போய் வருகிறவர் அவர்தான். வலப்புறம் ஆலோசகர். ஆலோசகரின் மார்பில் அவருடைய சொந்தக் கேமரா ஒன்று தொங்கியது. குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர்போல அவ்வப்போது அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“எனக்குக் கேமரா பத்தி ஒண்ணுமே தெரியாது சார்” என்றாள் அவள் உட்காருவதற்கு முன்பே.

“அதுக்குத்தாம்மா கூப்பிட்டிருக்கோம்” என்றார் தலைவர். “தெரிஞ்சவங்க இங்க ஏற்கெனவே ஜாஸ்தி.”

திரையில் ஒரு படம் வந்தது. வாரியத்தின் ஆண்டறிக்கை அட்டைப்படம். யாருடைய வீட்டுச் சுவரோ. அதன் முன்னால் மதிப்பீட்டாளர் விறைப்பாக நின்றார்.

அவர் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. சேதத்தின் அளவு தெரிவதற்காக ஒவ்வொரு படத்திலும் மதிப்பீட்டாளர் நிற்க வேண்டும் என்பது வாரியத்தின் முறை. ஸ்கேல் வைத்து எடுக்கலாமே என்று முன்பு யாரோ கேட்டார்களாம். ஸ்கேலுக்கு யார் பொறுப்பு என்று வாரியம் திருப்பிக் கேட்டதாம். மதிப்பீட்டாளரின் உயரமோ வாரியத்தாலேயே அளந்து சான்றளிக்கப்பட்டது. ஷூ இல்லாமல் அளந்த உயரம் அது. ஆகவே போகிற வீட்டிலெல்லாம் அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு சுவர் முன்னால் போய் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்.

“இந்தப் படத்துல என்ன தெரியுது?” தலைவர் அவளைத்தான் கேட்டார்.

“விரிசல்... கோடு தெரியுது சார்.”

“வேற?”

“சார் நிக்கிறாரு.”

“வேற?”

அப்போதுதான் கவனித்தாள். இடது சாக்ஸின் நுனி கிழிந்து, மதிப்பீட்டாளரின் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் கூரையில் சுழலும் விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“கால் விரல் சார்” என்றாள் தாழ்ந்த குரலில்.

“தெளிவா தெரியுதா?”

“நகம்கூடத் தெரியுது சார்.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “அதான் பிரச்சினை. எடுத்தது அந்தச் சோப்பு டப்பா கேமரா. பட்டனை அமுக்கினா படம். அதுக்கு எல்லாமே ஒண்ணு. அதிகாரியும் ஒண்ணு, சுவரும் ஒண்ணு, கொடில காயற துண்டும் ஒண்ணு. கிட்ட இருக்கறதும் தெரியுது, தூர இருக்கறதும் தெரியுது. இப்படி எல்லாத்தையும் ஒரே மாதிரி காட்டிட்டா நிர்வாகம் எப்படி நடக்கும்? எது முக்கியம்னு பாக்கறவனே முடிவு பண்ணிட்டுப் போயிடுவான். அப்புறம் நாம எதுக்கு?”

யாரும் சிரிக்கவில்லை. ஆலோசகர் எழுந்தார்.

“டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.ங்கறது வெறும் கேமரா இல்லைங்க. அது ஒரு ஒழுக்கம். உள்ள இருக்கற சென்சார் பெருசு. லென்ஸுக்கு வாய் அகலம். முகத்தை மட்டும் கப்புன்னு பிடிச்சுக்கும். பின்னணில இருக்கறது எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சு போயிடும்.”

“சுவருமா சார் கரையும்?” என்று கேட்டாள்.

“சுவர்தாம்மா முதல்ல கரையும்!” அவர் குரலில் பெருமை பொங்கியது.

தன் கேள்விக்குக் கிடைத்த பதில் சரியா தப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. ஆடுகிற தலைகளுக்கு நடுவில் ஆடாத தலையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அவளும் கொஞ்சம் ஆட்டினாள்.

இரண்டு கேமராக்களையும் நேரில் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பது என்று தீர்மானமானது. சோதனைக்கு ஒரு சுவர் வேண்டும். பிரதிநிதியின் வீட்டில் இருக்கிறதே என்றார் தலைவர். வாரியம் வீட்டுக்கு வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் அவள் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள்.

அவர்கள் வந்த அன்று விடுமுறை. ஆஸ்பத்திரி விடுதியில் தங்கி நர்ஸாக வேலை பார்க்கும் நாத்தனாரும் வந்திருந்தாள். மகளின் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். வந்தவர்கள் சுவரைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

“நீங்களே நில்லுங்க பிரதிநிதியம்மா” என்றார் ஆலோசகர். “சுவரை ஒட்டி வேணாம். தள்ளி வாங்க. இன்னும் தள்ளி. சுவருக்கும் மனுஷருக்கும் நடுவுல ஒரு மரியாதையான தூரம் இருக்கணும்.”

முதலில் சோப்பு டப்பா. பிறகு எஸ்.எல்.ஆர். பிறகு இரண்டு படங்களையும் மடிக்கணினியில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள்.

இடது பக்கத்தில் அவள் இருந்தாள். மூக்கில் எண்ணெய் மின்னியது. காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய விரிசல், தோளைத் தொட்டு, இடுப்புப் பக்கம் வளைந்து தரைக்கு இறங்கியது. மிஷினில் பாதி தைத்த சீருடை, மகளின் புத்தகப் பை, கொடியில் பாவாடை, கட்டிலில் வாயைப் பொத்திச் சிரிக்கும் நாத்தனார், எல்லாம் இருந்தன.

வலது பக்கத்தில் இருந்தவளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் கண்களில் ஜன்னல் சின்னதாக விழுந்திருந்தது. நெற்றியோரத்து முடிகள் ஒவ்வொன்றும் ஒளியில் தனித்தனியாக நின்றன. உதட்டில் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட பாவனை. அவளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. விடிவதற்கு முன் இருக்கும் பனி மாதிரி ஒரு வெளுப்பு மட்டும். அடுப்பு இல்லை, மிஷின் இல்லை, எந்த நிமிஷமும் சரியக்கூடிய எதுவும் இல்லை. இவள் யாருக்கும் மனைவி இல்லைபோல இருந்தது. ஓரம் பிரிக்கிற கைகள் இவளுக்கு இருக்க முடியாது. இவளிடம் யாராவது ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்டிருக்க வேண்டும். இவளும் அவசரப்படாமல் யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். தன்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதும்.

“எஸ்.எல்.ஆருக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க” என்றார் தலைவர்.

மற்ற கைகளுக்கு முன்பாக அவள் கை போயிருந்தது.

அவர்கள் போன பிறகு நாத்தனார் கட்டிலிலிருந்து இறங்கினாள். “அண்ணி, போட்டோல சும்மா ஜொலிக்கிறீங்க. எங்க அண்ணன் பாத்தா யாரு இந்தப் பொண்ணுன்னு கேப்பான். ஆமா, வீடு எங்க போச்சு?”

“அது... பின்னணி. மங்கிடும்.”

“விரிசல்?”

மிஷினில் உட்கார்ந்து, நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

“இடிஞ்சு விழுந்தாலும் அழகா விழும் போல” என்று நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

புதுக் கேமரா வந்தது. அதை வரவேற்க ஒரு கூட்டம், அதற்குப் பை தேர்வுசெய்ய ஒரு துணைக்குழு, பையின் வாரை எந்தத் தோளில் மாட்டுவது என்பதற்கு ஒரு சுற்றறிக்கை. பழைய கேமராவை நிராகரித்ததால் அது எடுத்த படங்களும் நிராகரிக்கப்பட்டன. விரிசல் தெரிந்த அந்த இடதுபக்கப் படம் அப்படிப் போயிற்று. இதற்குள் இயந்திரம் தெருமுனைக்கு வந்திருந்தது. மேசைமேல் வைத்த டம்ளரில் தண்ணீர் தானாக வட்டம் போட்டது. மகள் அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

ஒருவழியாக மதிப்பீடு செய்ய வந்தார்கள். மதிப்பீட்டாளர் ஷூவைக் கழற்றினார். புத்தம் புதிய சாக்ஸ். கால் விரல்களை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டு, மரியாதையான தூரத்தில் வந்து நின்றார்.

“சார், கொஞ்சம் சுவரை ஒட்டி நில்லுங்களேன்” என்று கேட்டாள்.

“ஒட்டி நின்னா மங்காதும்மா” என்று வியூ ஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார் ஆலோசகர்.

“சார், அப்ப நான் வேணா அந்த விரிசலை விரலால காட்டிட்டு நிக்கட்டுமா?”

“கோட்டைத் தொடாதீங்க!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

படம் எடுத்ததும் மதிப்பீட்டாளர் ஓடி வந்து திரையைப் பார்த்தார். முகம் வாடியது. “இடுப்புக்கு மேலதான் வந்திருக்கு. புது சாக்ஸ் வாங்கினேனே.”

வாரியத்தின் முடிவு தபாலில் வந்தது. கணவன் சத்தமாகப் படித்தான்: “புகைப்படத்தை உரிய முறையில் ஆராய்ந்ததில், மதிப்பீட்டாளரைத் தவிர வேறெதுவும் காணப்படவில்லை.” படித்துவிட்டு அவன் சுவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

மறுநாள் அவள் தலைவரின் அறைக்கே போனாள். மதிப்பீட்டாளரும் அங்கே இருந்தார்.

“சார், அவர் இல்லாம சுவரை மட்டும் ஒரு படம் எடுங்க. தெரியும்.”

“அதிகாரி இல்லாத விரிசல் அதிகாரபூர்வமான விரிசல் இல்லம்மா.”

“சரி, அவர் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிக்கட்டும். அப்ப சுவர்தானே முன்னால வரும்?”

“சுவருக்குப் பின்னால போனா நான் எப்படித் தெரிவேன்?” என்று மதிப்பீட்டாளர் பதறினார்.

“விரிசல் தெரியுமே சார்!”

“பாருங்கம்மா,” தலைவர் பேனாவை மூடி வைத்தார். “இவருக்கு முப்பது வருஷ சர்வீஸ். உங்க கோடு நேத்து வந்தது. ரெண்டுல ஒண்ணுதான் தெளிவாத் தெரியும்னா எது தெரியணும்? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு எங்க மேல கோவம் இருக்கலாம். ஆனா சேதத்தைக் கண்டுபிடிக்கறது ஈஸி. யார் வேணா கண்டுபிடிக்கலாம். அந்தச் சோப்பு டப்பாவே கண்டுபிடிச்சுது. சேதத்தைப் பக்குவமா பாக்கறதுக்குத்தான் ஒரு வாரியம் வேணும்.”

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கணினியைத் திருப்பினார். அதில் அவளுடைய அந்த முகம் இருந்தது.

“இது உங்க வீடுதானே? உங்க சுவர் முன்னாலதானே நிக்கிறீங்க? ஒரு கோடு இருக்கா? எவ்வளவு நிம்மதியா இருக்கீங்க பாருங்க. இந்தக் கேமராதான் வேணும்னு முதல்ல கை தூக்கினதும் நீங்கதான்.”

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இப்போது அவளை அடையாளம் தெரிந்தது. வாரியத்தில் வேலை பார்க்கிறவள். சம்பளமில்லாமல், விடுப்பு எடுக்காமல், தலைவரின் கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டில் சேதம் எதுவும் இல்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் அழகாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். ஒரு படத்துக்காக இந்த மனிதர்களுக்குத் தன் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. அவர்கள்மேல் வந்த வெறுப்பு வழியிலேயே திரும்பித் தன்மேலும் கொஞ்சம் தெறித்தது. ஆனாலும் அதில் பெரிய பங்கு அவர்களுக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

“அதை அழிச்சுடுங்க” என்றாள்.

“முடியாதும்மா. இப்ப அது வாரியத்தோட மாதிரிப் படம். எல்லாருக்கும் காட்டறோம்.”

அன்று மாலை கணவனும் அவளுமாகக் கட்டிலைப் பிரித்துச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். கட்டில் போட்டதும் அடுப்புக்குப் போகக் கட்டில்மேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. மிஷின் நுழையவில்லை. அது ஜன்னலடியிலேயே இருந்தது. வீட்டில் வருமானம் தருகிற இரண்டில் ஒன்று அது. அவள் அதிலேயே உட்கார்ந்து தைத்தாள். ஒரு காதை மட்டும் சுவருக்குக் கொடுத்துவைத்தாள்.

சுவர் ஒரு மத்தியானத்தில் விழுந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்து, சீருடையை மாற்றாமல் ஜன்னலடியில் பென்சில் தேடிக்கொண்டிருந்தாள். இயந்திரம் நேர் கீழே வந்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை. மிஷினில் இருந்த ஊசிப் பெட்டி மட்டும் கிலுகிலுத்தது. அவள் மகளின் பின்னலைப் பிடித்துத் தூக்கினாள். கையைப் பிடிக்க நேரமில்லை. இருவரும் சமையலறைக் கட்டில்மேல் போய் விழுந்தபோது பின்னால் வெயில் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலும் இல்லை, மிஷினும் இல்லை. வீட்டுக்குள் தெரு இருந்தது. மகள் முதலில் முடி வலிக்கிறது என்றுதான் அழுதாள்.

அன்றைக்கு வாரியம் கூப்பிடாமலே வந்தது. மதிப்பீட்டாளர் இடிபாட்டின் ஓரத்தில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லாததால் எங்கே நிற்பதென்று அவருக்குப் பிடிபடவில்லை.

“கோடு இல்லையே” என்றார். “கோட்டுக்குத்தானே விண்ணப்பம்? கோடு இல்லாட்டி விண்ணப்பமும் முடிஞ்சு போகுது.”

ஆலோசகர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, வாசலாகிப்போன வீட்டைப் பார்த்தார்.

“அடடா, இப்ப வெளிச்சம் எவ்வளவு நல்லா வருது! முன்னாடி இந்த ஜன்னல்ல அவ்வளவா வராது. பாப்பாவை அந்தக் கல்லு மேல உக்கார வைங்க. முகத்துல புழுதி இருக்கட்டும், துடைக்காதீங்க. பின்னணி பிரமாதம்.”

செய்தி கேட்டு ஓடி வந்திருந்த நாத்தனார் பிள்ளையை இறுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “யோவ், உனக்கு அறிவிருக்கா?” என்று கத்தினாள். அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. கணவன் மிஷின் இருந்த இடத்தில் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

ஆலோசகர் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அவள் நடந்து போனாள். கால் செருப்பில்லாமல் இருந்ததைக் கல் குத்தியபோதுதான் உணர்ந்தாள். நிற்கவில்லை. லென்ஸின் கண்ணாடியில் தன் முகம் தலைகீழாகப் பெரிதாகி வருவது தெரிகிற வரை போனாள்.

“அம்மா, தள்ளி நில்லுங்க. இவ்வளவு கிட்ட வந்தா போகஸ் ஆகாது.”

அவள் தள்ளி நிற்கவில்லை.

“ஒண்ணுமே தெரியலம்மா. தள்ளுங்க.”

லென்ஸ் கிர்ரென்று முன்னால் வந்தது, பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தேடியது. அவர் ஓரடி பின்னால் வைத்தார். அவள் ஓரடி முன்னால் வைத்தாள்.